மயிலாப்பூர் லேசர் அடையாறுக்கு அகலம் அளக்கப் போன கதை

லேசர் கதிரின் அகலத்தைக் கேமராவையும் கம்ப்யூட்டரையும் வைத்து அளப்பது இன்று பெரிய விஷயமில்லை. மடிக்கணினியில் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, காபி குடித்தபடியே அளக்கிறார்கள். 1997-ல் அதற்காக நான் ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. போன வாரம் ஒரு வாசகர், தான் செய்த லேசரை ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எப்படிப் போவது, எதையெல்லாம் கவனிப்பது என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு எழுத உட்கார்ந்த பதில் நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, யாரும் சொல்லித் தராமல், பழைய புத்தகக் கடைப் புத்தகங்களைப் படித்து லேசர் வரைக்கும் வந்தேன். ரிச்சி தெருவில் அந்தக் காலத்தில் பழைய அச்சு இயந்திரங்களிலிருந்து கழற்றிய ஹீலியம்-நியான் குழாய்கள் கிடைக்கும். அவற்றை வாங்கி வந்து, மின்சுற்றை நானே கட்டி, முன்னால் இரண்டு லென்ஸ் வைத்துக் கதிரைச் சீராக்கி, அலுமினியக் குழாய்க்குள் அடைத்து, கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் தொழிற்சாலை.

தி.நகரில் ஒரு பெண்கள் கல்லூரி பன்னிரண்டு லேசர்கள் கேட்டது. கதிரின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் அளந்ததில் 0.80. எப்படி அளந்தேன் என்றால், ஷேவிங் பிளேடை ஒரு மைக்ரோமீட்டர் திருகில் பொருத்தி, கதிரின் குறுக்கே மெதுவாக நகர்த்துவது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு மறைந்தது என்று கணக்குப் போட்டால் அகலம் வந்துவிடும். உலகம் பூராவும் செய்கிற முறை. ஆனால் இயற்பியல் துறைத் தலைவியான பேராசிரியைக்கு அது போதவில்லை. பழைய சாமானிலிருந்து எடுத்த குழாய், அளந்தவரோ செய்தவரே, அதுவும் சவரக் கத்தியால். இந்த மூன்றையும் அவர் இதே வரிசையில் என் முகத்துக்கு நேரே சொன்னார். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கேமரா வைத்து அளக்கும் மென்பொருள் வந்திருக்கிறது, அங்கே அளந்து தாள் வாங்கி வாருங்கள், செவ்வாய்க்கிழமை கொள்முதல் குழு கூடுகிறது, தாள் இல்லையென்றால் ஆர்டர் பம்பாய்க் கம்பெனிக்குப் போய்விடும் என்றார். என் லேசர் கல்லூரி ஆய்வகத்துக்குள் போகுமா போகாதா என்பது அந்த மென்பொருள் வரையப்போகும் ஒரு வண்ணப் படத்தின் கையில் இருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆக, பயண நாள் திங்கட்கிழமை. அக்டோபர் மாதம், ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்த கையோடு.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நான் தனியாகப் போய் அளந்து வந்தால் நம்ப மாட்டார்களாம். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் சாட்சிக்கு உடன் வருவார், அவரை தி.நகரிலிருந்து கூட்டிப் போக வேண்டும். அதனால் மேற்கே ஐந்து கிலோமீட்டர் போய், பிறகு தெற்கே ஏழு கிலோமீட்டர். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கும் எரிச்சல் வரும்.

லஸ் முனையில் காலை ஒன்பது மணிக்கு 12B பஸ் பிடித்தேன். நல்ல கூட்டம். லேசர் பெட்டி கிட்டத்தட்ட மூன்றடி நீளம். படுக்கப் போட்டால் மூன்று பேர் மடியில் கிடக்கும். அதனால் கதிர் வெளிவரும் வாய் மேலே இருக்கும்படி பெட்டியை நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் சுமைக்கு ஒரு டிக்கெட் கேட்டார். ஒரு ஆள் நிற்கிற இடத்தைக்கூட இது அடைக்கவில்லை என்று தேனாம்பேட்டை வரை வாதாடினேன். கடைசியில் அவரே சலித்துப்போய் விட்டுவிட்டார். பனகல் பார்க்கில் இறங்கினேன். தீபாவளிக் கூட்டம் அப்போதே ஆரம்பித்திருந்தது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் தெருவைக் கடந்தேன்.

விரிவுரையாளர் பெயர் வசந்தா. முப்பது வயதுக்குள் இருக்கும். என் லேசரைப் பற்றிச் சந்தேகக் குறிப்பு எழுதி, பேராசிரியையிடம் கொடுத்தவரே அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும், எனக்குத் தெரியும் என்பது தெரியும். வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

கல்லூரிச் செலவில் ஆட்டோ. டிரைவர் வழக்கம்போல மீட்டருக்கு மேலே பத்து ரூபாய் கேட்டார், வசந்தா ஐந்துக்கு முடித்தார். நந்தனம், கோட்டூர்புரம் பாலம் வழி. முந்தின வாரம் பெய்த மழையில் சாலை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் பெட்டி ஒரு குதி குதித்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்த டிரைவர் கேட்டார்.

"இன்னா நைனா, நாயனமா? எங்க கல்யாணம்?"

"லேசர்."

"அது எப்டி ஊதுவாங்கோ?"

வசந்தா சாலையைப் பார்த்தபடி சொன்னார். "ஊதவேண்டாம்பா. அது ஏற்கெனவே ஊதிப்போய் இருக்குன்னுதான் அளக்கப் போறோம்."

டிரைவர் அடையாறு வரைக்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 0.80 ஊதிப்போன அகலம் இல்லை.

ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மரங்கள் நிறைய இருந்த வளாகம். வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனால் இன்னும் பூஜை மணம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, மானிட்டர் தலையில் காய்ந்த சாமந்திச் சரம், பிரிண்டருக்குச் சந்தனமும் குங்குமமும். ஆய்வாளர் ரஹீம் எங்களை வரவேற்றார். திருவல்லிக்கேணிக்காரர், நாற்பது வயதிருக்கும், பேச்சில் ஒரு நிதானம். எதற்கெடுத்தாலும் முறைப்பவனான எனக்கே அவரைப் பிடித்துவிட்டது.

அவர் காட்டிய முறை இதுதான். லேசரை ஒரு பலகையில் வி வடிவக் கட்டைகள் மேல் வைக்கிறார்கள். எதிரே லென்ஸைக் கழற்றிய ஒரு சின்னக் கேமரா. லேசர் நேராக அதற்குள் வெளிச்சத்தை வாங்கும் சில்லின் மேல் விழும். அப்படியே விழுந்தால் கேமராவுக்குக் கண் கூசிவிடும், அதனால் நடுவில் கறுப்புக் கண்ணாடிகள், நாம் வெயிலுக்குப் போடுகிற மாதிரி. கேமரா பார்த்ததைக் கம்ப்யூட்டர் வாங்கி, வெளிச்சம் அதிகமுள்ள நடுப்பகுதியைச் சிவப்பாகவும், ஓரம் போகப் போக மஞ்சள், பச்சை, நீலமாகவும் வரைகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம், அது நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கூட்டிக் கழித்து அகலத்தை எண்ணாகக் கொடுக்கிறது. தூரத்தில் உள்ள புள்ளிக்கு இந்தக் கணக்கில் மதிப்பு அதிகம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அறையை இருட்டாக்கி, லேசரைப் போடுவதற்கு முன்பே, இருட்டையே ஒரு படம் எடுத்தார் ரஹீம். மிச்சமீதி வெளிச்சத்தைக் கழிப்பதற்காம். பிறகு லேசரைப் போட்டுவிட்டு, அது சூடாகி நிலைக்க அரை மணி நேரம் ஆகும் என்பதால் கேன்டீனுக்குப் போனோம். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒன்பது ரூபாய். அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள், இப்போதும் இருந்தால்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தோம். வட்டமாக இருக்க வேண்டிய கதிர் அடிபட்ட தக்காளி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் புடைப்பு, சுற்றிலும் நீல மூட்டம். அகலம் 1.9 மில்லிமீட்டர்.

வசந்தா எண்ணைக் குறித்துக்கொண்டார். கேலி செய்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

"உங்க கேமராவுல சந்தனம் இருக்கு," என்றேன். அறை முழுக்கப் பொட்டு வைத்திருக்கும்போது கேமரா மட்டும் எப்படித் தப்பும்? எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ரஹீம் கோபப்படவில்லை. "அதுக்குத்தான் சார், பூஜைக்கு முந்தின நாளே கேமராவ பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு லென்ஸுக்குக் குங்குமம் வெச்சுட்டாங்க. அத எடுக்க நான் பட்ட பாடு."

நான் விடவில்லை. ஒரு சோதனை சொன்னேன். லேசர் உருளையானதுதானே, அதை அச்சிலேயே உருட்டுங்கள். திரையில் புடைப்பு இருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் கேமராவுடையது. லேசரோடு சேர்ந்து சுற்றினால் குற்றம் என்னுடையது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். வசந்தா சாட்சி.

ரஹீம் மெல்ல உருட்டினார். புடைப்பு, கடிகார முள் மாதிரி, லேசரோடு கூடவே சுற்றி வந்தது. நிறுத்தினால் நின்றது. திருப்பி உருட்டினால் திரும்பி வந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு சோதனை என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் வெற்றி பெற்றதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேனே தவிர, தூக்கவில்லை. லேசரை அணைக்கச் சொல்லி, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு (இதை எப்போதும் செய்யுங்கள், எரிகிற லேசரின் வாயை ஒருநாளும் எட்டிப் பார்க்காதீர்கள்), மேஜை விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தேன். உள்ளே பதிந்திருக்கும் லென்ஸ் கண்ணாடி மேல் மஞ்சளும் சிவப்புமாகப் பொடி. வாய்க்கு மேலே, அலுமினிய விளிம்பில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு பாதி உதிர்ந்து பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே அந்தப் பொட்டைப் பார்த்தேன். பூஜைப் பொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். அது பஸ்ஸிலும் ஆட்டோவிலும் குலுங்கிக் குலுங்கி, மேலே பார்த்திருந்த வாய்க்குள் விழுந்திருக்கிறது.

ரஹீமின் மேஜை போனிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி கமலா எடுத்தாள். லேசருக்குச் சந்தனம் வைத்தாயா என்று கேட்டேன்.

"வெச்சேனே. சுத்தியல், குறடு, அருவாமணை, எல்லாத்துக்கும் வெச்சுண்டு வரச்சே அதுக்கு மட்டும் வெக்காம விட முடியுமா? ஏன், அங்க என்ன சொல்றா?"

"ஊதிப்போயிருக்குன்னு சொல்றா," என்றேன்.

போனை வைத்ததும் வசந்தா அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ரஹீம் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொடுத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆகும்வரை துடைத்து, மறுபடி லேசரைப் போட்டுச் சூடாக விட்டோம். இந்தத் தடவை திரையில் அழகான வட்டம். புடைப்பு இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். 1.12.

ஒரு மில்லிமீட்டருக்கு மேலே. 1.9-ஐவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. 1.9-க்குச் சந்தனம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். கேமரா சரியில்லை, மென்பொருள் வெளிநாட்டுக்காரன் எழுதியது, பிளேடு பொய் சொல்லாது. ரஹீம் பொறுமையாக, கேமராவைப் போன மாதம்தான் சரிபார்த்தோம், 1.12 என்றே தாள் போடட்டுமா என்று கேட்டார். மணி மூன்றரை ஆகியிருந்தது. முடியாது, போடாதீர்கள் என்றேன். வேறு எந்த எண்ணைப் போடுவது சார் என்றார் அவர். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காரணம் தெரியாவிட்டாலும் எழுந்திருக்காமல் இருப்பது என் பழக்கம்.

வசந்தா என்ன நினைத்தாரோ, ஒரு அட்டையை எடுத்து லேசரின் முன்னால் நீட்டி மறைத்தார். திரையில் வட்டம் மறைந்தது. எண் மறையவில்லை.

"சார், இதப் பாருங்க," என்றார்.

லேசரே விழாத கேமராவில் அகலம் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் என்று மென்பொருள் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கேமராவின் சில்லே ஆறு மில்லிமீட்டர்தான்.

"இல்லாத லேசருக்கு ஏழு," என்றார் வசந்தா. "இருக்கற லேசர்லயும் அது கொஞ்சம் கலந்திருக்கும் இல்ல?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். வாய்க்குள் எட்டிப் பார்க்க நான் போட்ட மேஜை விளக்கு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. ரஹீம் எடுத்து வைத்திருந்த இருட்டுப் படம் காலையில், விளக்கில்லாமல் எடுத்தது. அந்த மங்கலான வெளிச்சம் சில்லின் மூலைவரை பரவி, தூரத்துப் புள்ளிகளுக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் புகுந்து அகலத்தைப் பெருக்கிவிட்டிருந்தது. விளக்கை அணைத்தோம். திரையின் வெளிச்சம் விழாதபடி மானிட்டரையும் திருப்பி வைத்தோம். புதிதாக ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழித்தோம். வட்டத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, அதற்கு வெளியே இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார் ரஹீம்.

0.84.

எனக்கு எதிராகக் குறிப்பு எழுதியவரே அதைக் கண்டுபிடித்தார் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் அது நியாயமில்லை. அன்றைக்கு அவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, தாளில் 0.80-ஐயும் சேர்த்து எழுத வேண்டும் என்றேன்.

"சார், ஒண்ணுக்குள்ள வந்தாச்சு. போதும் இல்ல?"

"போதாது. பிளேடு 0.80 சொல்லுது."

"0.84-க்கே பர்ச்சேஸ் ஆயிடும் சார்."

"ஆகட்டும்மா. ஆனா அது 0.80."

பிரிண்டர் எண்ணை மாற்றாது, மென்பொருள் சொன்னதைத்தான் அடிக்கும் என்றார் ரஹீம். கையால் எழுதுங்கள் என்றேன். கடைசியில் வண்ணப் படத்தின் கீழே வசந்தா தன் பேனாவால், "செய்தவர் பிளேடு முறையில் அளந்தது 0.80 மி.மீ." என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் தலையில் அடித்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

தி.நகர் திரும்பும்போது ஐந்தாகிவிட்டது. சைதாப்பேட்டை சுற்றி வரும் 5B, உட்கார இடம் கிடைத்தது. இந்தத் தடவை பெட்டியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியை தாளை வாங்கிப் படத்தை நன்றாகப் பார்த்தார். கீழே கையால் எழுதியிருந்ததைப் படித்தார். மறுநாள் கூட்டத்துக்கான கோப்பில் வைத்தார். பன்னிரண்டு லேசர்களும் டிசம்பரில் கல்லூரி ஆய்வகத்துக்குள் போயின.

இனி உங்களுக்கு. லேசரைக் கொண்டுபோகும்போது வாயை மூடி ஒட்டுங்கள், நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களிடம் என்ன பூஜை நடந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அளக்கும் இடத்தில், எந்த அகலத்தைச் சொல்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி வெளிச்சம் இருக்கும் இடத்தில் அளப்பவர்கள் இருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஓரம்வரை போய் அளப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே கதிருக்கு இரண்டு எண் வரும், இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். நடுப்பகுதி கூசிப்போய்த் தட்டையாகத் தெரிந்தால் கறுப்புக் கண்ணாடியைக் கூட்டச் சொல்லுங்கள். இருட்டுப் படத்தை, அளப்பதற்குச் சற்று முன்னால், அதே வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லேசரை மறைத்துவிட்டு மென்பொருள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லாததற்கு ஓர் எண் கொடுத்தால் அதை நம்பாதீர்கள். செலவு, போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து, என் பையிலிருந்து இருபது ரூபாய்க்குள் முடிந்தது. ஆய்வுக்கூடக் கட்டணம் கல்லூரி கட்டியது. நேரம் ஒரு முழுப் பகல். விரிவுரையாளர் துணைக்கு வருவதாக இருந்தால் நான் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுபோல் செய்யாமல் பேசிக்கொண்டே போங்கள், வழி சுற்றாகத் தெரியாது.

சில வருடங்கள் கழித்து வசந்தாவை லஸ்ஸில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். என் லேசர்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். பன்னிரண்டில் பத்து இன்னும் எரிகின்றன, முதலாண்டு மாணவிகளின் முதல் சோதனையே அவற்றின் அகலத்தை அளப்பதுதான், கேமரா இல்லை, பிளேடுதான் என்றார். ஒரு வகுப்பில் இருபது பேர் அளந்தால் இருபது எண் வருகிறதாம். 0.78 வருகிறது, 0.86 வருகிறது, ஒருத்திக்கு 0.91 வந்து அழுதே விட்டாளாம்.

"எது சரின்னு கேக்கறாங்க சார். என்ன சொல்லட்டும்?"

"0.80," என்றேன்.